ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

சுகாதார நிலையம்
மே 2, சனிக்கிழமை

என் தம்பியைக் கட்டிக்கிட்டவளுக்கு,

நீயா எழுத மாட்டேன்னு தெரியும். அதான் நானே எழுதறேன். மூத்தவ இறங்கி வந்துட்டான்னு அவன்கிட்டே சொல்லிச் சிரிச்சுக்கோ, பரவாயில்லை. நீங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அந்த அணைக்கட்டு முகாமுக்குப் போய் இன்னையோட பதினேழு நாள் ஆச்சு. பஸ் கிளம்பும்போது அவன் கையை ஆட்டினான். சிட்டு ரெண்டு கையையும் ஆட்டினா. நீ மட்டும் அந்தப் பக்கத்து ஜன்னல்ல என்னத்தையோ பார்த்துக்கிட்டிருந்தே. அங்கே ஒரு சுவரைத் தவிர ஒண்ணும் இல்லை, எனக்குத் தெரியும்.

இதோட மாசாமாசம் நான் எழுதற 'நிலையச் செய்தி' வச்சிருக்கேன். புதுக் காத்திருப்புக் கூடம் திறந்த விழாதான் முதல் பக்கம். ஏப்ரல் பதினொண்ணு சனிக்கிழமை நீயும் பார்த்தியே, அந்தக் கூத்தை. மைக்செட்காரர் ரெண்டு மணி நேரம் "ஹலோ ஹலோ"ன்னு சொல்லியே காதைத் தின்னார். கடைசியில ரிப்பன் வெட்ட கத்திரி கொண்டுவர மறந்துட்டாங்க. கட்டுப் பிரிக்கிற கத்திரியைக் கழுவிக் கொடுத்தேன். அதுல வெட்டின பெரிய மனுஷருக்கு அது எங்கெல்லாம் போய் வந்த கத்திரின்னு தெரியாது. எனக்கும் ஆயாவுக்கும் சிரிப்பை அடக்க முடியலை.

விழாவுக்கு ரெண்டு நாள் கழிச்சு, திங்கக்கிழமை தட்டம்மை ஊசி. நம்ம சிட்டுவையும் சேர்த்து இருபத்து மூணு பிள்ளைங்க, ஒண்ணு கூட விட்டுப் போகலை. நான் இங்கே வந்த பதினாறு வருஷத்துல இது முதல் தடவை. மாவட்ட ஆபீசிலிருந்து பாராட்டி எழுதியிருக்காங்க. அதையும் போட்டிருக்கேன்.

ரெண்டாம் பக்கத்துல கீழே ஒரு துணுக்கு இருக்கும். "ஊசியைக் கண்டு வரிசையிலிருந்து நழுவப் பார்த்த ஒரு தாயை நர்சு கையோடு பிடித்து வந்தார், அந்தத் தாய் நர்சின் சொந்தக்காரராம்" அப்படின்னு. பேர் போடலை. தமாஷுக்குத்தான் எழுதினேன். உனக்கு வருத்தமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், பிள்ளைக்கு நல்லது நடந்துச்சு இல்லையா?

பதில் எழுது. பிள்ளை நிக்கறாளான்னு எழுது.

இப்படிக்கு,
உன் நாத்தனார்


அணைக்கட்டு முகாம், கூடம் எண் 14
மே 11, திங்கட்கிழமை

அண்ணிக்கு,

வணக்கம். உங்களை அண்ணின்னு கூப்பிடறதா நர்சம்மான்னு கூப்பிடறதான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். அன்னைக்கு வரிசையில என் கையைப் பிடிச்சு இழுத்தது நர்சம்மா. அதை எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்தது அண்ணி. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா நான் யாருக்குப் பதில் சொல்லறது?

பேர் போடலைங்கறீங்க. அந்த நிலையத்துல உங்களுக்குச் சொந்தக்காரி நான் ஒருத்திதான் அண்ணி. சொந்தக்காரராம்னு போட்டதுக்கு என் போட்டோவையே போட்டிருக்கலாம்.

நான் ஊசிக்குப் பயப்படலை. அதை நீங்க கேக்கவே இல்லை. முந்தின நாள் பிள்ளைக்கு மூக்கு ஒழுகிச்சு, ரெண்டு நாள் கழிச்சுப் போடலாமான்னுதான் கேக்க வந்தேன். நீங்க முழுசாக் கேட்டாத்தானே. "படிச்சவ மாதிரியா பேசறே"ன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. பின்னாடி நின்ன அம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. நீங்க இழுத்தீங்க, நான் வந்தேன், அவ்வளவுதான்.

சிட்டு நிக்கறா. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நாலு அடி நடக்கவும் செய்யறா. நீங்க பயமுறுத்தின மாதிரி ஊசிக்கப்புறம் காய்ச்சல் கூட வரலை.

இங்கே வீடுன்னு சொல்லறது தகரக் கூடம்தான். ஒரு நீளக் கூடத்தைப் பலகை வச்சு ஆறாத் தடுத்திருக்காங்க. பக்கத்து அறையில யாராவது தும்மினா நாங்க நல்லாயிருங்கன்னு சொல்லணும். ஒரு பக்கம் கிரேன் ஓட்டறவர் குடும்பம், மூணு பிள்ளைங்க. அவர் பொண்டாட்டி நல்ல மாதிரி. உங்க தம்பி ஜெனரேட்டர் கொட்டகையிலேயே குடியிருக்கார், சாப்பிட மட்டும் வர்றார். சாமான் லாரி செவ்வாயும் வெள்ளியும் வரும், தபாலும் அதுலதான். தண்ணி, விறகு, தபால் எல்லாத்துக்கும் வரிசை. இங்கே வரிசையில யாரும் யாரையும் இழுக்கறதில்லை.

அடுத்த செய்தித்தாளை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்க தம்பி மனைவி


சுகாதார நிலையம்
மே 18, திங்கட்கிழமை

(இதைத் தபால்ல போடலை. எழுதி மடிச்சு அலமாரியில வச்சுட்டேன்.)

அம்மாடி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்துச்சு. பிள்ளைக்கு மூக்கு ஒழுகினதை நான் கேக்கவே இல்லைங்கறது நிஜம். அதைப் பத்தித்தான் எழுத உட்கார்ந்தேன். இப்ப வேற ஒண்ணை எழுத வேண்டியதாப் போச்சு.

மைக்செட்காரர் முதுகுல கட்டியோட வந்தார். குப்புறப் படுக்க வச்சு கீறிக்கிட்டிருந்தேன். வலி தெரியாம இருக்கட்டும்னு பேச்சுக் கொடுத்தேன். விழா எப்படின்னு கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார், "உங்க ஐஸ் பெட்டி பிளக்கைப் புடுங்கிட்டுத்தான் என் மிஷினைச் சொருகினேன். வேற இடமே கிடைக்கலை. திரும்பச் சொருகினேனா இல்லையான்னு ஞாபகம் இல்லை. கலர் பாட்டிலெல்லாம் சூடாயிருக்குமே?" அப்படின்னார். அதுல கலர் பாட்டில் வச்சிருக்கோம்னு நினைச்சிருக்கார் மனுஷன். அதுலதான் எல்லா ஊசி மருந்தும் இருந்துச்சு.

கையில கத்தி. எப்படியோ முடிச்சு அனுப்பினேன்.

ஆயாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாங்கறா. ஊசி போட்ட திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு அறையைத் திறந்தா ஃபிரிட்ஜுக்குக் கீழே தண்ணி தேங்கி நின்னுச்சாம். துடைச்சுட்டு பிளக்கைச் சொருகினாளாம். எனக்குச் சொல்லணும்னு தோணலையாம். அவளைத் திட்டலை. அவளுக்கு அது ஒரு ஃபிரிட்ஜ், தண்ணி விட்டுச்சு, துடைச்சா. என்ன மருந்து, எத்தனை சூட்டுல கெடும்னு தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

சனிக்கிழமை பத்து மணியிலிருந்து திங்கக்கிழமை ஏழு மணி வரைக்கும். இந்த வெயில்ல. தட்டம்மை மருந்து சூடு தாங்காது. ஓடிப் போய் ஃபிரிட்ஜ் மேலே ஒட்டியிருக்கற அட்டையைப் பார்த்தேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை உள்ளே எத்தனை டிகிரின்னு பார்த்து எழுதற அட்டை. சனி காலை நாலு, சனி மாலை நாலு, ஞாயிறு காலை நாலு, ஞாயிறு மாலை நாலு. என் கையெழுத்து. அழகா எழுதியிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை நிலையம் மூடியிருக்கும். அந்தக் கட்டம் காலியா இருந்தா மேலே கேள்வி கேப்பாங்க. அதனால முன்கூட்டியே நிரப்பிடுவேன். எனக்கு முன்னாடி இருந்த நர்சும் அப்படித்தான், எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான். எப்பவும் நாலுதானே காட்டும். அந்த வாரம் விழா வேலை இருக்கும்னு வெள்ளிக்கிழமையே நாலு கட்டத்தையும் எழுதிட்டேன். திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு நிஜமாவே பார்த்தேன். எட்டு காட்டிச்சு. கதவு சரியா மூடலை போலன்னு நினைச்சு, அஞ்சுன்னு எழுதினேன். வெளியே இருபத்து மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க.

உன் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உன் பிள்ளைக்கு நான் போட்டது வெறும் தண்ணியா இருக்கலாம் அம்மாடி. இல்லாமலும் இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க வழி கிடையாது. இதை உனக்கு எப்படிச் சொல்லறதுன்னு


சுகாதார நிலையம்
மே 19, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. பிள்ளை நடக்கறது கேட்டு சந்தோஷம். கூடம் காத்தோட்டமா இருக்கா? தண்ணியைக் காய்ச்சிக் கொடு.

ஒரு சின்ன விஷயம். உங்க முகாம்ல கம்பவுண்டர் யாராவது இருப்பாங்க. அவர்கிட்டே சொல்லி சிட்டுவுக்குத் தட்டம்மை ஊசி இன்னொரு தடவை போட்டுடு. சும்மா, ஒரு கூடுதல் பாதுகாப்புக்குத்தான். இப்பல்லாம் ரெண்டாவது போடறது நல்லதுங்கறாங்க. இந்த வாரமே போட்டுட்டா நல்லது. பயப்பட ஒண்ணும் இல்லை. போட்டதும் எனக்கு ஒரு வரி எழுது.

வேற ஒண்ணும் விசேஷம் இல்லை. துணுக்கு எழுதினது தப்புதான்.

இப்படிக்கு,
உன் நாத்தனார்


அணைக்கட்டு முகாம், கூடம் எண் 14
மே 27, புதன்கிழமை

அண்ணிக்கு,

உங்க கடிதத்தை நேத்து உங்க தம்பிக்குப் படிச்சுக் காட்டினேன். "உங்க அக்காவுக்கு ஊசி போடலைன்னா கை அரிக்குது போல"ன்னு சொன்னேன். அவர் சிரிக்கலை. உங்க வீட்டு ஆளுங்களுக்கு ஊசியைப் பத்தித் தமாஷ் பண்ணினா பிடிக்காதுன்னு விட்டுட்டேன்.

ரெண்டாவது ஊசியெல்லாம் இப்ப வேண்டாம் அண்ணி. பிள்ளை நல்லாயிருக்கா. ஒண்ணு போட்டாச்சு, போதும். கோவிச்சுக்காதீங்க.

சொல்லப் போனா நான் உங்களுக்கு ஒரு நன்றி பாக்கி. எழுத மனசு வரலை, ஆனா எழுதித்தான் ஆகணும். முகாம்ல தட்டம்மை வந்திருக்கு. எங்க பக்கத்து அறையிலேயே. கிரேன் ஓட்டறவர் பிள்ளைங்க மூணு பேருக்கும், ஒண்ணு மாத்தி ஒண்ணு. முதல்ல பெரியவனுக்குக் கண்ணெல்லாம் சிவந்து இருமல். வெள்ளிக்கிழமை காதுக்குப் பின்னாடியிலிருந்து சிவப்பு சிவப்பா இறங்கிச்சு. அதுங்களுக்கு ஊசியே போட்டதில்லையாம், இடம் மாறி மாறிப் போற பிழைப்பு. அவங்க அம்மாவுக்கும் முடியலை, எழுந்து நிக்கக்கூட தெம்பில்லை. கூடத்துல மத்தவங்க எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, பிள்ளை குட்டி வச்சிருக்கறவங்க.

நான் சாத்தலை. என் பிள்ளைக்கு ஊசி போட்டிருக்குன்னு தைரியமாச் சொன்னேன். திங்கக்கிழமையிலிருந்து அந்தக் கடைசிப் பையனை இங்கேயே வச்சிருக்கேன். ஒரு வயசு இருக்கும். நெருப்பா கொதிக்கறான், இறக்கி விட்டா அழறான். ஒரு தோள்ல அவன், ஒரு தோள்ல சிட்டு. ரெண்டு பேரையும் ஒரே பாயில போட்டுத் தட்டிக் கொடுக்கறேன். சிட்டு அவன் மூக்கைப் பிடிச்சு இழுக்கறா. அவனுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வருது.

இதையெல்லாம் பண்ணும்போது உங்களை நினைச்சேன் அண்ணி. அன்னைக்கு நீங்க இழுக்காம விட்டிருந்தா நானும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே நடுங்கிக்கிட்டு இருந்திருப்பேன். அவமானப்படுத்தினதை மறக்கலை. ஆனா ஊசி விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி. அதையும் வேணும்னா உங்க செய்தித்தாள்ல போட்டுக்கோங்க.

இப்படிக்கு,
தம்பி மனைவி


சுகாதார நிலையம்
ஜூன் 1, திங்கட்கிழமை

அம்மாடி,

இதை உட்கார்ந்து நிதானமாப் படிக்காதே. முதல்ல சிட்டுவைத் தூக்கிக்கிட்டு அந்தப் பையன் இருக்கற இடத்தை விட்டு வெளியே போ. போயிட்டு மீதியைப் படி.

அவளுக்கு நான் போட்ட ஊசி வேலை செய்யாம இருக்கலாம். மருந்து கெட்டுப் போயிருந்துச்சு. எப்படிக் கெட்டுச்சு, அதுல என் கை எங்கே இருக்குங்கறதை மே பதினெட்டாம் தேதியே உனக்கு எழுதி, அனுப்பாம அலமாரியில வச்சிருந்தேன். அதை இதோட வச்சிருக்கேன். எதையும் திருத்தலை. பாதியில நின்ன வரியையும் அப்படியே விட்டிருக்கேன்.

உன் கடிதம் காலையில பத்து மணிக்கு வந்துச்சு. நின்னுக்கிட்டே படிச்சேன். 'ஒரே பாயில'ங்கற இடம் வந்ததும் காகிதத்தை மேஜையில போட்டேன். தபால் ஆபீசுக்கு ஓடி உங்க அணை ஆபீசுக்குப் போன் போட்டேன். யாரோ ஒருத்தர் எடுத்தார். ஜெனரேட்டர் மெக்கானிக்கோட அக்கா பேசறேன், பிள்ளையைக் காய்ச்சல் பிள்ளைங்க பக்கம் விட வேண்டாம்னு உடனே சொல்லுங்கன்னேன். சரிம்மா, சரிம்மான்னார். சொன்னாரா இல்லையா தெரியாது. சாமான் லாரி இங்கேயிருந்து காலையிலேயே கிளம்பிட்டுது, இனி வியாழக்கிழமைதான். இந்தக் காகிதம் உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை ஆயிருக்கும்.

ஏன் அப்பவே நிஜத்தைச் சொல்லலைன்னு கேப்பே. பயம். வேலை போயிடும்னு பயம், அது ஒண்ணு. அதை விடப் பெரிய பயம் நீ. வரிசையில அத்தனை பேர் முன்னாடி உன்னைப் படிச்சவளான்னு கேட்டுட்டு, இப்ப நான் படிச்ச லட்சணத்தை உன்கிட்டேயே சொல்லணுமே. அதுக்கு மனசு வளையலை. 'கூடுதல் பாதுகாப்பு'ன்னு எழுதினா நீ போட்டுடுவே, எனக்கும் மானம் போகாதுன்னு கணக்குப் போட்டேன்.

இங்கேயும் அதையேதான் செஞ்சேன். டாக்டரம்மா வியாழக்கிழமைதானே வருவாங்க, மே இருபத்தொண்ணு வரைக்கும் காத்திருந்து அவங்ககிட்டே சொன்னேன். அட்டையை வாங்கிப் பார்த்தாங்க. அப்புறம், ஊருக்குச் சொன்னா நாளைக்கு ஒருத்தரும் எந்த ஊசிக்கும் வர மாட்டாங்க, கூடுதல் ஊசின்னு சொல்லி எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுடுவோம், மேலே நான் பேசிக்கறேன்னாங்க. எனக்கு உயிர் வந்துச்சு. மறுவாரம் திங்கக்கிழமை கூப்பிட்டோம். மீதி இருபத்திரண்டு பேர்ல ஒம்போது பேர்தான் வந்தாங்க. மத்தவங்க வரலை. ஏன் வரணும்? ஒண்ணு போட்டாச்சு, போதும்னு நீ எழுதினியே, அதேதான் அவங்களும் சொன்னாங்க. நிஜத்தைச் சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பாங்க. நீயும் ஓடியிருப்பே.

இதை எழுதி முடிச்சதும் பதிமூணு வீட்டுக்கும் போறேன். டாக்டரம்மாகிட்டே கேக்கப் போறதில்லை.

நீ பார்க்க வேண்டியதைச் சொல்லறேன். அந்தப் பையனை நீ தூக்கின முதல் நாளிலிருந்து எண்ணிக்கோ. பத்து நாள்ல ஆரம்பிச்சு பதினாலு நாளுக்குள்ள பெரும்பாலும் தெரிஞ்சிடும். முதல்ல காய்ச்சல், இருமல், கண் சிவக்கும். அப்புறம்தான் சிவப்பு. மூச்சு வேகமா வாங்கினாலோ, தண்ணி குடிக்காம சோர்ந்து கிடந்தாலோ ஒரு நிமிஷம் நிக்காதே, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ.

என்னை என்ன வேணும்னாலும் சொல்லு. பிள்ளை எப்படியிருக்கான்னு மட்டும் எழுது.

அண்ணி

ஜூன் 3, புதன். பதிமூணு வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன். எல்லா வாசல்லயும் நின்னு அட்டை விஷயத்தைச் சொன்னேன். ஒரு அம்மா கதவை என் முகத்துல சாத்தினாங்க. இன்னொருத்தர் பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு என் பின்னாடியே நடந்து வந்தாங்க. பதினோரு பிள்ளைங்களுக்குப் போட்டாச்சு. ரெண்டு குடும்பம் வேலை தேடி எங்கேயோ போயிருக்காங்க, தேடிக்கிட்டிருக்கேன். மாவட்ட ஆபீசுக்கு நானே எழுதிட்டேன். டாக்டரம்மா என்கிட்டே பேசறதில்லை. வேலை நிக்குமா போகுமா தெரியலை, அதைப் பத்தி இப்ப நினைக்கவும் முடியலை.


அணைக்கட்டு முகாம், கூடம் எண் 14
ஜூன் 5, வெள்ளிக்கிழமை

அண்ணிக்கு,

லாரி அஞ்சு மணிக்குக் கிளம்பிடும். டிரைவர் காத்திருந்து வாங்கி, தபால்ல போடாம நேரா உங்க கையில கொடுக்கறேன்னு சொல்லியிருக்கார். அவசரத்துல எழுதறேன், எழுத்து எப்படி இருந்தாலும் படிச்சுக்கோங்க.

சிட்டுவுக்கு இந்த நிமிஷம் வரைக்கும் காய்ச்சல் இல்லை. லேசா மூக்கு ஒழுகுது. அது பல் முளைக்கறதாலயா வேற எதனாலயான்னு தெரியலை. அந்தப் பையனைத் தூக்கி வச்சுக்கிட்ட நாளிலிருந்து எண்ணினா இன்னையோட பதினோரு நாள் ஆச்சு. பையனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா எலும்பும் தோலுமா கிடக்கறான்.

உங்க ரெண்டு கடிதத்தையும் லாரிக்குப் பக்கத்துலேயே நின்னு படிச்சேன். முதல் தடவை படிச்சப்ப கோபமே வரலை. ரெண்டாம் தடவை படிச்சப்பதான் வந்துச்சு. நான் என்ன பண்ணினேன் தெரியுமா அண்ணி? நீங்க சொன்னதை நம்பினேன். நம்பி என் பிள்ளையை எடுத்துட்டுப் போய் நோய்க்குப் பக்கத்துல நானே படுக்க வச்சேன். நம்பாதவங்க எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டுப் பத்திரமா இருந்தாங்க.

அழுதுகிட்டே ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போய் உங்க தம்பி முன்னாடி காகிதத்தை வீசினேன். அவர் படிச்சார். படிச்சுட்டுக் கையைத் துணியில துடைச்சார். ரொம்ப நேரம் துடைச்சார். அப்புறம் சொன்னார், "பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு. போன வாரம் புதன்கிழமை." எனக்குப் புரியலை. உங்க 'கூடுதல் பாதுகாப்பு' கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன் இல்லையா, அதுல ஒரு வார்த்தை அவருக்கு உறுத்தியிருக்கு. "எங்கக்கா வாழ்க்கையில எதையும் சும்மான்னு சொல்லி நான் கேட்டதில்லை. சும்மான்னு எழுதியிருந்தா ஏதோ ஆகியிருக்கு"ன்னார். கிரேன் பார்க்கத் தூக்கிட்டுப் போறேன்னு மறுநாள் பிள்ளையைத் தோள்ல வச்சுக்கிட்டுப் போனவர், நேரா கம்பவுண்டர்கிட்டே போயிருக்கார். சொன்னா நான் சண்டை பிடிப்பேன்னு எனக்குச் சொல்லலை. உங்க போன் சேதியும் நீங்க பேசின திங்கக்கிழமையே அவருக்கு வந்திருக்கு. மத்தியானம் மூச்சு வாங்க ஓடி வந்தார், பையனை அவங்க அப்பாகிட்டே கொடு, நீ ரொம்ப அலையறேன்னு சொல்லி சிட்டுவைப் பிடுங்கிட்டுப் போனார். என் மேல இவ்வளவு அக்கறையான்னு நினைச்சேன். பைத்தியக்காரி.

அக்காவும் சொல்லலை, தம்பியும் சொல்லலை. பெத்தவ ஒருத்திக்குத்தான் ஒண்ணும் தெரியலை. நீங்க ரெண்டு பேரும் என் பிள்ளைக்கு நல்லதுதான் பண்ணினீங்க. என்னை மனுஷியா நினைக்கலை, அவ்வளவுதான்.

ஆனாலும் ஊசி போட்டாச்சுன்னு கேட்டதும் அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துட்டேன். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம்தான். அப்புறம் நீங்க அலமாரியில வச்சிருந்த கடிதம் மண்டைக்குள்ள ஓட ஆரம்பிச்சுது. எழுந்து கம்பவுண்டர் அறைக்குப் போனேன்.

அவர் நல்ல மனுஷர். ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். ஃபிரிட்ஜைப் பார்க்கணும்னேன். எதுக்கும்மான்னார். பார்க்கணும்னேன். கதவு மேலே அட்டை தொங்கிச்சு. நீங்க எழுதியிருந்ததால எங்கே பார்க்கணும்னு தெரிஞ்சுது. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, மணி ரெண்டு. வரப்போற ஞாயிறு காலை நாலு, ஞாயிறு மாலை நாலுன்னு இப்பவே எழுதியிருந்துச்சு.

சத்தம் போடலை அண்ணி. இது என்னன்னு விரலை வச்சுக் கேட்டேன். அவர் கூச்சப்படவே இல்லை. "ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குப் போயிடுவேன்மா, பெட்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்"னார். ஓடாது. ஞாயித்துக்கிழமை முகாம்ல கரண்டே கிடையாது. வாரத்துல அன்னைக்கு ஒரு நாள்தான் ஜெனரேட்டரை நிறுத்தி, கழுவி, எண்ணெய் மாத்துவாங்க. காலையில ஏழு மணிக்கு நிறுத்தினா சாயங்காலம் அஞ்சு ஆயிடும். நிறுத்தறது உங்க தம்பிதான். அவர் கையால. கொட்டகைக்குத் திரும்பி ஓடிப் போய் அவர்கிட்டே சொன்னேன். அந்த அறையில ஒரு ஃபிரிட்ஜ் இருக்குன்னே தனக்குத் தோணலைன்னார். முகம் செத்துப் போச்சு. இப்ப பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கார்.

மூடின பெட்டி பத்து மணி நேரம் தாங்குமா? எத்தனை ஞாயித்துக்கிழமை அந்த மருந்து அப்படி இருந்துச்சு? கம்பவுண்டருக்குத் தெரியலை. உங்க தம்பிக்குத் தெரியலை. ரெண்டு ஊசி போட்டும் இவளுக்கு ஊசி போட்டாச்சா இல்லையான்னு சொல்ல இந்த முகாம்ல ஒரு ஆள் இல்லை.

நீங்க வாங்க அண்ணி. செவ்வாய்க்கிழமை இங்கே வர்ற லாரியில இடம் கேட்டிருக்கேன், முன் சீட்டுலேயே உட்காரலாம்னு டிரைவர் சொல்லறார். உங்களுக்கு வேலை இருந்தாலும் வாங்க, போயிருந்தாலும் வாங்க. மருந்து கிடைச்சா ஐஸ் போட்ட பெட்டியோட உங்க மடியில வச்சு எடுத்துட்டு வாங்க. அந்த டிகிரி பார்க்கற குழாயையும் உள்ளேயே போட்டு வைங்க. வழியெல்லாம் பாருங்க. இங்கே எத்தனை பிள்ளைங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது, எல்லாருக்கும் நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.

கோபம் தீரலை. தீருமான்னும் தெரியலை. வாசல்ல வந்து நின்னதும் ஆறுதல் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் கேக்க வேண்டாம். பெட்டியைத் திறந்து குழாயைப் பார்த்து, அது என்ன காட்டுதோ அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. கெட்டுப் போயிருந்தா கெட்டுப் போச்சுன்னு சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்.

டிரைவர் ஹாரன் அடிக்கறார்.

சிட்டுவோட அம்மா